வென்டிலேட்டரை எடுப்பது கொலையாகுமா? வாப்பாவின் 19 நாள்கள் குறித்து ஒரு கேள்வி

மணல்மேடு:

அஸ்ஸலாமு அலைக்கும். சென்ற ரமலானுக்கு முந்தைய மாதம் என் வாப்பா (தந்தை) வஃபாத்தானார்கள் (இறந்துபோனார்கள்). வயது 74. இரண்டாவது முறையாகப் பக்கவாதம் வந்து, நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறியதால் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். தொண்டையில் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் வைத்தார்கள். 11ஆம் நாள் மருத்துவர் எங்களை அழைத்து, சிறுநீரகமும் நின்றுவிட்டது, இனி இந்தக் கருவியால் ஆகப்போவது ஒன்றுமில்லை, எடுப்பதா வைத்திருப்பதா என்று நீங்கள் பேசி முடிவெடுங்கள் என்றார். எடுக்கச் சொன்னால் நாமே கொன்றதாகிவிடும், நாளை மறுமையில் அதற்கு யார் பதில் சொல்வது என்று மூத்த காக்கா, அதாவது என் அண்ணன், அழுதார். நான் வாயே திறக்கவில்லை. கருவி எடுக்கப்படவில்லை. 19ஆம் நாள் சுபுஹு நேரத்தில் இதயம் தானாக நின்றது.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். குழாய் போடும் முன் வாப்பா சுயநினைவோடுதான் இருந்தார்கள். பேச்சு வரவில்லை, ஆனால் நல்ல கையை உயர்த்தி, வேண்டாம் என்று இரண்டு முறை அசைத்தார்கள். அங்கிருந்தவர்கள், "நோயாளிகள் எல்லோரும் இப்படித்தான் மறுப்பார்கள், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். நான் போட்டேன். இரண்டாம் நாள் அவர்கள் குழாயைப் பிடுங்க முயன்றதால் இரு மணிக்கட்டையும் பஞ்சுத்துணியால் கட்டிலின் கம்பியோடு கட்டினார்கள். மையித்தைக் குளிப்பாட்டும்போது அந்தக் கட்டின் தடத்தின் மேல்தான் நான் தண்ணீர் ஊற்றினேன்.

எனக்கு ஆறுதல் வேண்டாம். கருவியை எடுப்பது மார்க்கத்தில் கொலையா? வாப்பாவின் கையசைவுக்கு ஏதேனும் மதிப்பு இருந்ததா? உம்மாவுக்கு 69 வயது, இதய நோய் இருக்கிறது. அடுத்த முறை நான் தெரியாமல் நிற்கக் கூடாது.

பழைய மதரஸா:

வ அலைக்குமுஸ்ஸலாம். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உங்கள் இரண்டு கேள்விகளில் முதலாவதற்கு இன்று எழுதுகிறேன். இரண்டாவதைக் கிதாபுகளைத் திறந்து பார்க்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நோயின் வேதனையைத் தீர்ப்பதற்காக உயிரைப் போக்குவது, அதாவது ஊசி போட்டோ மாத்திரை கொடுத்தோ முடித்துவிடுவது, எந்த மத்ஹபிலும் (மார்க்கச் சட்ட மரபிலும்) கூடாது. "உங்களை நீங்களே கொலை செய்துகொள்ளாதீர்கள்" என்று சூரா நிஸாவின் 29ஆம் வசனம் சொல்கிறது. முற்காலத்தில் காயத்தின் வலி தாங்காமல் தன் கையைக் கத்தியால் அறுத்துக்கொண்டு, இரத்தம் நிற்காமல் இறந்துபோன ஒருவரைப் பற்றி ஜுன்துப் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. என் அடியான் தன் விஷயத்தில் என்னை முந்திக்கொண்டான், அவனுக்குச் சுவர்க்கத்தைத் தடுத்துவிட்டேன் என்று அல்லாஹ் கூறியதாக அதில் வருகிறது. நோயாளி தானே கேட்டிருந்தாலும் இந்த ஹுக்மு (மார்க்கத் தீர்ப்பு) மாறாது.

ஆனால், கொலை ஹராம் என்பதிலிருந்து, கிடைக்கும் சிகிச்சை அனைத்தையும் கடைசி மூச்சுவரை செய்தே தீர வேண்டும் என்ற முடிவுக்கு நம் மக்கள் தாமாகவே தாவிவிடுகிறார்கள். அப்படி ஒரு கடமையை ஃபுகஹாக்கள் (மார்க்கச் சட்ட அறிஞர்கள்) விதிக்கவில்லை. மருத்துவம் செய்துகொள்வது ஷாஃபி மத்ஹபில் சுன்னத்து, ஹனஃபி மத்ஹபில் அனுமதிக்கப்பட்ட காரியம். வலிப்பு நோய் கொண்ட ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யக் கேட்டபோது, விரும்பினால் பொறுமையாக இரு, உனக்குச் சுவர்க்கம் உண்டு, விரும்பினால் குணமடைய துஆச் செய்கிறேன் என்று இரண்டு வழியையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். வலிப்பின்போது ஆடை விலகாமலிருக்க மட்டும் துஆ கேட்டார். கடமையாக இருந்திருந்தால் அங்கே தேர்வுக்கு இடமே இருந்திருக்காது. சிகிச்சையை விட்டால் உயிரோ உறுப்போ போய்விடும், செய்தால் பலன் உண்டு என்ற நிலையில் அது கடமையாகிவிடும். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும் இந்த வேறுபாட்டைத் தீர்மானமாகவே எழுதியது.

கருவியைப் பற்றியும் ஆலிம்கள் பேசாமல் இருக்கவில்லை. 1981இல் குவைத்தில் வெளியான இஸ்லாமிய மருத்துவ ஒழுக்க நெறி, மருத்துவர் காக்க வேண்டியது வாழ்தலையே தவிர சாதலை நீட்டிப்பதை அல்ல என்ற கருத்தைச் சொல்லிவிட்டு, உயிரைப் போக்கும் காரியம் எதையும் அவர் செய்யக் கூடாது என்றும் அதே இடத்தில் சேர்த்திருக்கிறது. 1986இல் அம்மானில் கூடிய ஃபிக்ஹு அகாதமி, மூளையின் இயக்கம் முழுவதும் மீளாதபடி நின்றுவிட்டதென்று நிபுணர்கள் முடிவு செய்தால், இதயம் கருவியின் துணையால் துடித்துக்கொண்டிருந்தாலும் அது மரணமே, கருவியை எடுக்கலாம் என்றது. மறு ஆண்டு மக்காவில் கூடிய ராபிதாவின் (உலக முஸ்லிம் லீக்கின்) ஃபிக்ஹு சபை கருவியை எடுக்க அனுமதித்தது, ஆனால் எடுத்த பிறகு மூச்சும் துடிப்பும் நின்றால்தான் மரணமாகக் கணக்கிட வேண்டும் என்றது. இந்தக் கருத்து வேறுபாட்டைச் சிறியதாக எண்ண வேண்டாம். மனைவியின் இத்தா (கணவன் இறந்தபின் மறுமணமின்றிக் காத்திருக்கும் காலம்) எந்த நாளில் தொடங்குகிறது, இடையில் ஒரு வாரிசு இறந்தால் அவருக்குப் பங்கு உண்டா என்பவையெல்லாம் இதில் தொங்குகின்றன.

உங்கள் வாப்பாவுக்கு மூளைச்சாவு என்று நீங்கள் எழுதவில்லை. அவர்களின் நிலைக்கு நெருங்கியது, ஹிஜ்ரி 1409இல் சவூதியின் ஃபத்வாக் குழு கொடுத்த 12086ஆம் எண் ஃபத்வா. அறிவும் நம்பகமும் உள்ள மூன்று மருத்துவர்கள் நோயாளிக்கு நம்பிக்கையில்லை என்று ஒருமித்துச் சொன்னால், உயிர்காப்புக் கருவியைத் தொடங்காமலும் இருக்கலாம், தொடங்கியதை நிறுத்தவும் செய்யலாம் என்பது அதன் சாரம். ஆகவே அப்படி மூன்று மருத்துவர்கள் ஒருமித்துச் சொல்லியிருந்தால், 11ஆம் நாள் நீங்கள் எடுக்கச் சொல்லியிருந்தாலும் அது கொலையாகியிருக்காது. வைத்திருந்ததற்காகவும் உங்கள் காக்காவைக் குறை சொல்ல முடியாது.

இரவுப்பணி:

வணக்கம். நான் கிறித்தவப் பெண். சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகள் செவிலியாக இருந்தேன். மேலே சொன்ன ஃபத்வா கட்டிலருகே எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அங்கே அதை "நோ கோடு" என்போம். மூன்று மருத்துவர்கள் கையொப்பமிட்ட படிவம் கோப்பில் ஏறிவிட்டால், இதயம் நிற்கும்போது நெஞ்சை அழுத்தமாட்டோம். அந்த ஃபத்வாவின்படி குடும்பத்தாரின் கருத்து முடிவில் சேராது, ஏனெனில் மருத்துவத்தைத் தீர்மானிக்கும் தகுதி அவர்களுக்கு இல்லை. தொடக்கத்தில் இது எனக்குக் கடுமையாகப் பட்டது. பிறகு, எந்த மகனும் வாழ்நாள் முழுக்க "நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்று சுமக்க வேண்டியதில்லை என்பதையும் கண்டேன். இங்கே மணல்மேடு அவர்களின் காக்காவின் தோளில் வைத்த சுமையை அங்கே மருத்துவர்கள் தங்கள் தோளில் ஏற்றுக்கொள்கிறார்கள். குறையும் உண்டு. முடிவு எடுத்துவிட்டோம் என்று குடும்பத்துக்குச் சொல்லும் நேரமும் விதமும் தவறிப்போனால், பிள்ளைகள் வராந்தாவில் கத்துவார்கள். அந்தக் கத்தலில் நியாயம் இருந்தது.

நோயாளிக்கு நினைவு இருந்த காலத்தில் அவரிடம் கேட்டு எழுதிய கோப்பு நான் பார்த்தவற்றில் மிகவும் அரிது. பெரும்பாலோருக்குத் தமக்குப் புற்றுநோய் என்பதே தெரியாது. சொன்னால் மனம் உடைந்துவிடும் என்று பிள்ளைகள் எங்களை வாசலிலேயே நிறுத்திக் கெஞ்சுவார்கள். உள்ளே அவர், "மகள் ஏன் அழுதுகொண்டே சிரிக்கிறாள்?" என்று என்னிடம் கேட்பார்.

பார்வையாளர் நேரம் முடிந்த பின் யாருக்காவது மூச்சு மாறினால், மகனுக்குத் தொலைபேசியில் அழைத்து, கருவியைத் தந்தையின் காதருகே பிடித்துக்கொள்வேன். மகன் அந்தப் பக்கத்திலிருந்து கலிமாவை மெல்லச் சொல்லிக்கொண்டே இருப்பார். என் கை மரத்துப்போகும்வரை பிடித்திருந்த இரவுகள் உண்டு.

வடகரை:

அஸ்ஸலாமு அலைக்கும். பழைய மதரஸா ஹஜ்ரத் மீதுள்ள மரியாதை குறையாமல் மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன்.

மூன்று மருத்துவர்கள் சொன்னால் போதும் என்ற விதி, மருத்துவர் நேர்மையானவராகவும் மருத்துவமனைக்குப் பணத்தில் நாட்டம் இல்லாததாகவும் இருக்கும் இடத்துக்குச் சரி. நம் ஊரில் பணம் உள்ளவரை "இன்னும் நம்பிக்கை இருக்கிறது" என்பார்கள், நகையும் வீடும் தீர்ந்த மறுநாள் "இனிப் பயனில்லை" என்பார்கள். எங்கள் தெருவில் மூன்று பேர் சேர்ந்து கைவிட்ட ஒருவர் வீட்டுக்கு வந்து ஏழு ஆண்டுகள் வாழ்ந்து, பேத்தியின் நிக்காஹ்வையும் பார்த்துவிட்டுத்தான் போனார். அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழப்பது முஃமினுக்கு அழகல்ல.

இன்னொரு அச்சமும் உண்டு. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002இல் கருணைக்கொலைக்குச் சட்டம் கொண்டுவந்தன. அங்கே பெரியவர்கள் தாங்கள் பிள்ளைகளுக்குப் பாரம் என்று எண்ணிக் கேட்கும் நிலை வராது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? கதவைச் சிறிது திறந்தால் நாளை நம் உம்மாமார்களும் பிள்ளைகளின் கடனை நினைத்து, "எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்" என்பார்கள். அதை நாம் விருப்பம் என்று எழுதிக்கொள்வோமா?

பழைய மதரஸா:

வடகரையாரின் கடைசிக் கேள்வி கூர்மையானது. உம்மா வேண்டாம் என்பது வேதனையாலா, பிள்ளைகளின் கடனாலா என்று கேட்டறியாமல் அதை விருப்பமாக எழுதிவிடக் கூடாது என்பதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நம்பிக்கையற்றது என்பதும் நிலையான சொல் அல்ல. நான் குறிப்பிட்ட 1992ஆம் ஆண்டுத் தீர்மானமே, அது அந்தந்தக் காலத்திலும் இடத்திலும் கிடைக்கும் மருத்துவத்தையும் நோயாளியின் நிலையையும் பொறுத்தது என்கிறது. குணமாகும் வாய்ப்பு இருக்கிறதோ இல்லையோ, உடலின் வலியையும் மனத்தின் வலியையும் தணிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நம் மிம்பர்களில் இந்தப் பகுதியை யாரும் படித்துக்காட்டி நான் கேட்டதில்லை. நானும் படித்துக்காட்டியதில்லை.

இப்போது சகோதரர் மணல்மேட்டின் இரண்டாவது கேள்வி. நேற்று இஷாவுக்குப் பிறகு புகாரியைத் திறந்தேன். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயில் வீட்டார் அவர்களுடைய வாயின் ஓரமாக மருந்தை ஊற்றினார்கள். அதற்கு லதூத் என்று பெயர். ஊற்ற வேண்டாம் என்று நபியவர்கள் சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்தின் மேலுள்ள வெறுப்புத்தான் இது என்று இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஊற்றிவிட்டார்கள். நினைவு தெளிந்ததும் நபியவர்கள், ஊற்ற வேண்டாமென்று நான் உங்களைத் தடுக்கவில்லையா என்று கேட்டார்கள். நோயாளியின் வெறுப்பு என்று நினைத்தோம் என்றார்கள் வீட்டார். அந்த வேளையில் அங்கிராத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, வீட்டிலிருந்த ஒவ்வொருவர் வாயிலும் அதே மருந்தைத் தம் கண்முன் ஊற்றச் சொன்னார்கள்.

இந்த ஹதீஸை நான் முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் சிரிப்பார்கள், நானும் புன்னகையோடு அடுத்த ஹதீஸுக்குப் போய்விடுவேன். உங்கள் வாப்பாவின் கையசைவைப் படித்த பிறகு அப்படிக் கடந்துபோக முடியவில்லை. மருத்துவமனையில் உங்களிடம் சொன்ன அதே சொல்லைத்தான் அந்த வீட்டாரும் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் அன்பினால்தான் செய்தார்கள்.

அளவு மீறியும் சொல்லக் கூடாது. அந்த மருந்து அந்த நோய்க்குரியதல்ல என்பதால் மறுத்தார்கள் என்று விளக்கம் எழுதிய பெரியோர்களும் உண்டு. ஒரே ஹதீஸை வைத்து எல்லா மறுப்பையும் ஏற்க வேண்டும் என்று நான் ஃபத்வா கொடுக்கமாட்டேன். ஆனால் பலன் உறுதியில்லாத சிகிச்சையை, புத்தி தெளிவோடு மறுக்கும் ஒருவர் மேல் திணிப்பதற்கு ஆதாரம் தேடினால் எனக்குக் கிடைக்கவில்லை. அபூபக்கர் (ரலி) அவர்களின் கடைசி நோயில் வைத்தியரை அழைக்கட்டுமா என்று கேட்டதற்கு, அல்லாஹ்வையே வைத்தியன் என்று குறித்து, வைத்தியன் என்னைப் பார்த்துவிட்டான், நான் நாடியதைச் செய்பவன் என்று கூறிவிட்டான் என்றார்கள். யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை.

மகள்:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் கருவியைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் உம்மாவுக்குக் கருவி எதுவும் இல்லை. கழுத்தில் புற்றுநோய், புண் திறந்துவிட்டது. வீட்டில்தான் வைத்திருக்கிறோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாடை வருகிறது, அதனால் உறவினர்கள் ஜன்னல் வழியாக நலம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். ஐந்து வேளையும் தொழுத உம்மா, சீழ் வடிகிறது, ஒளு (தொழுகைக்கு முன் செய்யும் அங்கசுத்தி) நிற்காது என்று சொல்லித் தொழுகையை விட்டுவிட்டார்கள். சென்ற வெள்ளிக்கிழமை இரவு என் கையைப் பிடித்து, "எதையாவது கலக்கிக் கொடு, அல்லாஹ்விடம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்கள்.

ஹராம் என்று எனக்குத் தெரியும். உம்மாவுக்கும் தெரியும். அந்த ஹுக்மை மட்டும் மறுபடி சொல்லிவிட்டுப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மலப்புறத்து மருத்துவர்:

சகோதரி, நான் தமிழ்நாட்டுக்காரன், ஒன்பது ஆண்டுகளாக மலப்புறம் மாவட்டத்தில் வலிதணிப்புச் சிகிச்சையில் இருக்கிறேன். முதலில் இன்றே செய்யக்கூடியது. உங்கள் மருத்துவரிடம் கேட்டு, மெட்ரோனிடசோல் மாத்திரையை நன்றாகப் பொடித்துப் புண்ணின் மேல் தூவிக் கட்டுங்கள். சில நாள்களில் வாடை வெகுவாகக் குறையும். வாடை குறைந்தால் உறவினர்கள் உள்ளே வருவார்கள். வாழ்க்கை முடியட்டும் என்று கேட்பவர்களில் பலரும், நான் பார்த்தவரை, தனிமையையும் அருவருப்பையும் வலியையும் சேர்த்துத்தான் அந்த ஒரு சொல்லால் சொல்கிறார்கள்.

அடுத்தது மார்ஃபின். வாய்வழி மாத்திரை, பொதுவாக 5 அல்லது 10 மில்லிகிராமில், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று தொடங்கி, வலி அடங்கும்வரை படிப்படியாக உயர்த்துவோம். மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளிலேயே சேர்க்க வேண்டும். போதைப்பொருள் என்று அஞ்சாதீர்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இந்தியாவில் இதை நோயாளிக்கு எட்டாக்கனியாக்கியிருந்தது, 2014இல் செய்த திருத்தம் ஓரளவு வழி திறந்தது. இருந்தும் கிடைப்பதில்லை. உலகின் ஏழை நாடுகள் பலவற்றிலும் இதே நிலைதான். 2017இல் லான்செட் ஆணையம் வெளியிட்ட கணக்கில், ஆண்டுக்கு விநியோகமாகும் ஏறத்தாழ 300 டன் ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலிநீக்கிகளில் மிக ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன் மட்டுமே. முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் நாடுகள் பலவும் அந்த வரிசையில் நிற்கின்றன. கருணைக்கொலை கூடாது என்று நாம் உரக்கச் சொல்லும் அதே ஊர்களில் மார்ஃபின் இல்லாமல் மனிதர்கள் கத்திக்கொண்டு சாகிறார்கள் என்பது என்னால் ஏற்க முடியாத கொடுமை.

மார்ஃபின் கொடுத்தால் மயக்கத்தில் கலிமா வராமல் போய்விடுமே என்று எங்கள் வீடுகளில் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கவலை. நினைவோடு, தவ்பாவோடு போக வேண்டும் என்பது நோயாளியின் விருப்பமானால், மருந்து அதற்கு இணங்கத்தான் வேண்டும். வலி அடங்கும் அளவைத் தாண்டாமல் கொடுத்தால் பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடுகிறார்கள். வலியில் துடிப்பவரால் எந்தத் திக்ரையும் முடிக்க முடியாது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

இங்கே 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கிய பணி, பின்னர் மலப்புறத்தில் தெருத்தெருவாகப் பரவியது. மாவட்டத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். பயிற்சி பெற்ற தொண்டர்கள் செவிலியோடு வீடு வீடாகப் போகிறார்கள், செலவைச் சிறு சிறு தொகையாக ஊராரே தருகிறார்கள். கேரள அரசு 2008இல் இதற்கென்று கொள்கையே வகுத்தது. எங்கள் பையில் கட்டுத்துணியோடு ஒரு தட்டில் சுத்தமான மணலும் இருக்கும், தயம்மும் (தண்ணீர் பயன்படுத்த முடியாதவர் மண்ணால் செய்யும் சுத்தி) செய்ய.

ஒன்றை மட்டும் மறைக்கமாட்டேன். எல்லா வலியும் அடங்கிவிடுவதில்லை. மிகச் சிலருக்கு எங்களால் முடிந்ததெல்லாம் போதாமல் போயிருக்கிறது.

பழைய மதரஸா:

சகோதரி, உங்கள் உம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஓயாமல் சீழோ இரத்தமோ வடிபவர் மஃதூர், தங்கடம் உள்ளவர், அதாவது தவிர்க்க முடியாத காரணத்தால் மார்க்கம் சலுகை தந்தவர். ஒவ்வொரு நேரத்துக்கும் புண்ணைக் கட்டி, ஒளுவோ தயம்முமோ செய்து தொழுதால் தொழுகை செல்லும். உட்கார முடியாவிட்டால் படுத்துக்கொண்டு, தலையசைக்க முடியாவிட்டால் கண் இமையால். அவர்கள் கேட்டதற்காக அவர்களை ஈமான் குறைந்தவர் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். மரணத்தை விரும்ப வேண்டாம் என்று சொன்ன நபியவர்களே, அடக்க முடியாமல் போனால், வாழ்வு எனக்கு நன்மையாக இருக்கும்வரை வாழவை, மரணம் நன்மையானால் மரணிக்கச் செய் என்று கேட்கும் துஆவையும் கற்றுத்தந்திருக்கிறார்கள். மார்ஃபினைப் பொறுத்தவரை, வலியைத் தணிக்கும் நிய்யத்தோடு தேவையான அளவில் கொடுப்பது கூடும். முடித்துவிடும் நிய்யத்தோடு அளவைக் கூட்டுவது கூடாது.

சட்டப்பக்கம்:

சுருக்கமாக. முஸ்லிம் நாடுகளின் சட்டங்களும் ஒரே அச்சில் இல்லை. லெபனானிலும் சிரியாவிலும், பாதிக்கப்பட்டவர் வற்புறுத்திக் கேட்டதற்கிணங்க இரக்கத்தால் செய்த கொலையும் குற்றமே, ஆனால் தண்டனை அதிகபட்சம் 10 ஆண்டுகள். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2016ஆம் ஆண்டு மருத்துவப் பொறுப்புச் சட்டம் உயிரைப் போக்குவதைத் தடுக்கிறது, மீட்க முடியாத நோயில் இதய மீட்பு முயற்சியைச் செய்யாமல் விட அனுமதிக்கிறது, நோயாளியே முயற்சி வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டிருந்தால் மறுக்கக் கூடாது என்கிறது.

மணல்மேடு வாழும் இந்தியாவில், 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர் தெளிந்த புத்தியோடு முன்கூட்டியே மருத்துவ விருப்ப ஆவணம் எழுதி வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன் கையொப்பமிட்டால் போதும். கருவியை நிறுத்தும் முன் இரண்டு மருத்துவக் குழுக்கள் தனித்தனியே ஆராய வேண்டும். வடகரையார் அஞ்சும் இடத்தில் அந்த இரண்டாவது குழு ஒரு தடுப்பு.

வடகரை:

தடுப்பு காகிதத்தில் இருக்கிறது. எங்கள் தாலுகா மருத்துவமனையில் இரண்டு குழுவுக்கு ஆள் எங்கே? என் அச்சம் முழுவதும் தீரவில்லை. ஆனால் லதூத் ஹதீஸை ஹஜ்ரத் எழுதிய பிறகு, நானும் என் தந்தையாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் இரண்டு நாளாக விடவில்லை.

மகள்:

பொடி வாங்கித் தூவினோம். நேற்று சித்தி உள்ளே வந்து உம்மாவின் காலருகே உட்கார்ந்தார்கள். மார்ஃபின் இன்னும் கிடைக்கவில்லை, மாவட்டத் தலைநகருக்குப் போகச் சொல்கிறார்கள். உம்மா மறுபடி கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. அஸர் தொழுதார்கள்.

மணல்மேடு:

எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹு கைரா. நேற்று இரவு காக்காவையும் வைத்துக்கொண்டு உம்மாவிடம் பேசினேன். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு நேராகவே கேட்டேன். உம்மா அதிர்ச்சியடையவில்லை. நினைவு இருக்கும்வரை மருந்து கொடுங்கள், திரும்பி வரமாட்டேன் என்று தெரிந்தால் குழாய் வேண்டாம், கையைக் கட்டாதீர்கள், பேரன் ஓதட்டும், ஆனால் மெதுவாக ஓதட்டும் என்றார்கள். எங்களுக்குச் செலவாகும் என்பதற்காகச் சொல்கிறீர்களா என்று, வடகரையார் எழுதியதை மனத்தில் வைத்து, இரண்டு முறை கேட்டேன். இல்லை என்றார்கள். பிறகு, "இதை உங்க வாப்பாகிட்ட யாரும் கேக்கலியா?" என்றார்கள். காக்கா எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். வெகுநேரம் கழித்து நோட்டுப் புத்தகத்தோடு வந்து, உம்மா சொன்னதைத் தன் கையாலேயே எழுதினார்.

மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பதை நிறுத்த மட்டும் காக்கா ஒப்பவில்லை. உணவும் தண்ணீரும் மருந்தல்ல, அவற்றை நிறுத்தினால் பட்டினி போடுவதாகும் என்கிறார். உம்மாவும் யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள். ஹஜ்ரத் இதற்கு எழுத முடியுமா? வியாழக்கிழமை நோட்டரியிடம் போகிறோம், அந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.